தேர்வு எழுதி அதிகாரி ஆவது: பேரரசுச் சீனா உலகத்துக்கு விட்டுச்சென்ற வழக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மாவட்ட நூலகத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். கதவு திறப்பதற்கு முன்பே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் காத்திருப்பார்கள். ஓர் அரசு வேலை, ஒரு கேள்வித்தாள், ஒரு பதிவெண். எழுதியவர் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. இது நமக்கு இயல்பாகப் படுகிறது. ஆனால் மனித வரலாற்றின் பெரும்பகுதியில் அரசுப் பதவி பிறப்பாலோ பணத்தாலோ வாளாலோதான் கிடைத்தது. எழுத்துத் தேர்வு வைத்து ஒரு பெரிய நாட்டையே ஆளலாம் என்று முதலில் நடத்திக் காட்டியது பேரரசுச் சீனா. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேரரசுச் சீனா என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

கி.மு. 221-ல் சின் நாட்டு மன்னர் எதிரி நாடுகளை எல்லாம் வென்று, 'முதல் பேரரசர்' என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டார். அங்கே தொடங்குகிறது. 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயதுப் பையனான பூயியின் பெயரில் முடிதுறப்பு ஆணை வெளியானபோது முடிகிறது. ஏறக்குறைய 2,130 ஆண்டுகள். ஹான், சுயி, தாங், சொங், யுவான், மிங், சிங் என்று வம்சங்கள் மாறின. நடுவில் நாடு பலமுறை துண்டு துண்டானது. மங்கோலியர் ஆண்டார்கள், மஞ்சூக்கள் ஆண்டார்கள். ஆனால் பெரும்பாலும் யார் வந்தாலும் முந்தையவர்களின் அலுவலக முறையைத் தூக்கி எறியவில்லை. குதிரையில் வந்து பிடித்த நாட்டை அலுவலகத்தில் உட்கார்ந்துதான் ஆள வேண்டியிருந்தது.

காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி, இவைதானே சீனாவின் நான்கு பெரிய கொடைகள்? தேர்வை ஏன் முன்னால் வைக்கிறீர்கள்?

அந்த நான்கும் பெரியவைதான், மறுக்கவில்லை. வெடிமருந்து கோட்டைகளை இடித்தது. திசைகாட்டி கப்பல்களை நடுக்கடலுக்கு அனுப்பியது. ஆனால் ஒரு பொருளை வேறு ஊர்க்காரர் வாங்கித் தன்னுடையதாக்கிக்கொள்வது எளிது. ஒரு நாட்டை எப்படி நடத்துவது என்ற எண்ணம் அவ்வளவு சுலபமாக எல்லை தாண்டாது. அது தாண்டியிருக்கிறது, இன்றும் கோடிக்கணக்கான இளைஞர்களின் இருபதுகளை அதுதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் முன்னால் வைக்கிறேன்.

இன்னொன்று, காகிதமும் அச்சும் இல்லாமல் இந்தத் தேர்வே இல்லை. கி.பி. 105-ல் காய் லுன் என்ற அரண்மனை அதிகாரி மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையைப் பேரரசரிடம் காட்டினார் என்பது அரசவரலாறு. அதற்கும் முந்தைய காகிதத் துண்டுகள் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. அவர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதைவிட, இருந்ததைத் தரமாக்கினார் என்பதே சரி. மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவது தாங் காலத்தில் பரவியது. துன்ஹுவாங் குகையில் கிடைத்த, 868 என்று தேதியிட்ட பௌத்த சூத்திரச் சுருள் இன்றும் இருக்கிறது. சொங் காலத்தில் அச்சுப் புத்தகம் மலிவானது. புத்தகம் மலிவானதும், தேர்வுக்குப் படிக்கும் வீடுகள் பெருகின.

தேர்வு வருவதற்கு முன் அதிகாரிகளை எப்படி எடுத்தார்கள்?

பரிந்துரைதான். ஹான் காலத்தில் மாவட்ட ஆட்சியாளர்கள் தங்கள் பகுதியில் பெற்றோரைப் பேணுகிறவர், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர்களை அரசவைக்கு அனுப்ப வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பெரிய வீட்டுப் பிள்ளைகளே நேர்மையானவர்களாகத் தெரிந்தார்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளில் குடும்பத் தரவரிசையே வெளிப்படையாகப் பதவியைத் தீர்மானித்தது.

589-ல் சீனாவை மீண்டும் ஒன்றிணைத்த சுயி வம்சத்துக்கு அந்தப் பெரிய குடும்பங்களின் பிடியைத் தளர்த்த வேண்டியிருந்தது. 'ஜின்ஷி' என்ற தேர்வுப் பட்டம் 605 வாக்கில் தொடங்கியதாக வழக்கமாகச் சொல்கிறார்கள். தாங் காலத்தில் பேரரசி வூ ஜெதியன் இதைப் பயன்படுத்தித் தனக்கென்று ஒரு புதிய அதிகாரி வட்டத்தை வளர்த்தார். நீதி உணர்வு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. பிரபுக்களை நம்பாத அரசர்கள், தங்களுக்கு மட்டுமே கடன்பட்ட ஆட்களைத் தேடினார்கள். அந்தத் தேடலின் துணைவிளைவாக, எங்கோ கிராமத்தில் பிறந்த பையனுக்கும் ஒரு கதவு திறந்தது.

தேர்வு எப்படி நடந்தது? கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

மிங், சிங் காலத்து நடைமுறையைச் சொல்கிறேன். நன்றாகப் பதிவாகியிருப்பது அதுதான்.

முதலில் உள்ளூர்த் தேர்வுகள். தேறினால் 'ஷியூட்சாய்' என்ற தகுதி. பதவி கிடைக்காது. ஆனால் உடலுழைப்பு வரியிலிருந்து விலக்கு, ஊரில் தனி மரியாதை, விசாரணையில் பிரம்படி கிடையாது. அடுத்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாகாணத் தலைநகரில் நடக்கும் தேர்வு. தேறியவர் 'ஜுரென்'. அடுத்த வசந்தத்தில் தலைநகர்த் தேர்வு, கடைசியாக அரண்மனைத் தேர்வு. அதில் பேரரசரே தேர்வாளர் என்று கணக்கு. அதையும் முடித்தவர் 'ஜின்ஷி'. அவர்களில் முதலாவது வந்தவருக்கு 'ஜுவாங்யுவான்' என்று பெயர்.

கடினமானது மாகாணத் தேர்வு. நான்ஜிங்கில் இருந்த ஜியாங்னான் தேர்வு வளாகம் உச்சத்தில் இருந்தபோது அதில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட தேர்வு அறைகள் இருந்தன. அறை என்று சொல்வதே அதிகம். முன்பக்கம் கதவில்லாத, ஓர் ஆள் உட்கார மட்டும் இடமுள்ள செங்கல் பொந்து. இரண்டு பலகைகள் தருவார்கள். பகலில் ஒன்று இருக்கை, ஒன்று மேசை. இரவில் இரண்டையும் சேர்த்துப் போட்டு, காலை மடக்கிப் படுத்துக்கொள்ள வேண்டும். சோறு, படுக்கை, விளக்கு, மூத்திரப் பானை எல்லாம் அவரவர் சுமந்து வர வேண்டும். மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் மூன்று நாள், இரண்டு இரவு. மழை பெய்தால் விடைத்தாளைத் தன் உடம்பால் மறைத்துக் காக்க வேண்டியதுதான். தேர்வு முடியும்வரை வெளிவாசல் முத்திரையிடப்பட்டிருக்கும். உள்ளே யாராவது இறந்துபோனால் உடலைப் பாயில் சுற்றி மதிலுக்கு மேலாக வெளியே எறிந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் நூற்றில் ஒருவர் தேறுவதே அரிது.

பாடம் என்ன? கன்பூசியஸ் மரபின் நான்கு நூல்கள், ஐந்து செவ்வியல் நூல்கள். மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், எல்லாம் மனப்பாடம். நான்கு நூல்களுக்கு சொங் காலத்து அறிஞர் ஜூ ஷி எழுதிய உரையே 14-ஆம் நூற்றாண்டிலிருந்து அதிகாரபூர்வ உரை. விடையை 'எட்டுக்கால் கட்டுரை' என்ற கட்டமைப்பில் எழுத வேண்டும். எந்தப் பகுதிக்குப் பிறகு எது, எங்கே இணை வாக்கியங்கள் வர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி. வெண்பாவுக்குத் தளை தட்டக் கூடாது என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் பெயர் தெரியாமல் திருத்துவது அப்போதே இருந்ததா?

இருந்தது. இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சொங் காலத்தில் முதலில் விடைத்தாளில் பெயர் உள்ள பகுதியை மடித்து ஒட்டினார்கள். அது போதவில்லை. தேர்வாளர் தன் மாணவனின் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதனால் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு ஏற்பாடு வந்தது. எழுத்தர் கூட்டம் ஒன்று எல்லா விடைத்தாள்களையும் வரிக்கு வரி நகலெடுக்கும். பிற்காலத்தில் மாணவர் கறுப்பு மையில் எழுதுவார், நகல் சிவப்பு மையில் இருக்கும். நகலில் பிழை வராமல் சரிபார்க்கத் தனி ஆட்கள். தேர்வாளர் கையில் போவது சிவப்பு நகல் மட்டும். மதிப்பெண் முடிவான பிறகே எண்ணைப் பார்த்துக் கறுப்பு மூலத்தோடு பொருத்துவார்கள்.

ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைக் கையால் நகலெடுக்க எவ்வளவு ஆள், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு இரவுகள் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கச்சார்பு இருக்கக் கூடாது என்பதற்காக ஓர் அரசு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு செலவு செய்திருக்கிறது. இன்று நம் விடைத்தாளின் மேல்பகுதியைக் கிழித்துவிட்டு வெறும் குறியீட்டு எண்ணோடு திருத்தக் கொடுக்கிறார்களே, அதே கவலைதான்.

மோசடியே நடக்கவில்லையா?

தாராளமாக நடந்தது. உள்ளாடை முழுக்கப் பொடி எழுத்தில் செவ்வியல் நூல்களை எழுதிப் போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட துணிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆள்மாறாட்டம், லஞ்சம் எல்லாமும் உண்டு. தண்டனையும் கடுமை. பெய்ஜிங்கில் 1858-ல் நடந்த மாகாணத் தேர்வு முறைகேட்டில், தலைமைத் தேர்வாளரும் பேரரசின் மிக உயர்ந்த அமைச்சர்களில் ஒருவருமான பாய் ஜுன் அடுத்த ஆண்டு தலை வெட்டப்பட்டார்.

யார் வேண்டுமானாலும் எழுத முடிந்ததா?

இல்லை. பெண்கள் எழுத முடியாது. மக்கள்தொகையில் பாதி அங்கேயே வெளியே. அடிமைகள், நாடகக் கலைஞர்கள், சில 'இழிந்த' தொழில் செய்வோர் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களுக்கும் தடை. ஏட்டில் விவசாயி மகன் எழுதலாம். ஆனால் இருபது ஆண்டு உழைக்காமல் படிக்க ஒரு பையனை விட்டுவைக்க எந்த ஏழை வீட்டால் முடியும்? சில கூட்டுக்குடும்பக் குலங்கள் பொது நிலம் வைத்து, அதன் வருமானத்தில் குலத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அப்படிப்பட்ட குலத்தில் பிறந்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

ஆக, கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் அது பொய். பிறப்பு மட்டுமே போதாது என்று ஆனது, அவ்வளவுதான். மற்ற நாடுகளின் அன்றைய நிலையோடு ஒப்பிட்டால் அந்த 'அவ்வளவு' சின்ன விஷயம் இல்லை.

இடஒதுக்கீடு மாதிரி ஏதாவது இருந்ததா?

வட்டார ஒதுக்கீடு இருந்தது. அது வந்த கதை கொடூரமானது.

மிங் வம்சத்தை நிறுவிய ஹொங்வூ பேரரசர் காலத்தில், 1397-ல் தலைநகர்த் தேர்வு முடிவு வந்தபோது, தேறிய 50-க்கும் மேற்பட்டவர்கள் அத்தனை பேரும் தெற்கத்திக்காரர்கள். வடக்கிலிருந்து ஒருவர்கூட இல்லை. வட மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். பேரரசர் மறுமதிப்பீட்டுக்கு உத்தரவிட்டார். மறுமதிப்பீட்டிலும் அதே முடிவு. தெற்கு நீண்டகாலமாகச் செழிப்பாக இருந்தது, பள்ளிகளும் அச்சகங்களும் அங்கே குவிந்திருந்தன. வடக்கோ தலைமுறை தலைமுறையாகப் போரில் நொறுங்கியிருந்தது. தேர்வாளர்கள் அநேகமாக நேர்மையாகவே திருத்தியிருப்பார்கள். ஆனால் பேரரசருக்கு அந்த விளக்கம் போதவில்லை. சிலருக்கு மரண தண்டனை கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டிய தலைமைத் தேர்வாளரை நாடு கடத்தினார். தேர்வை மறுபடி நடத்தித் தானே தேர்ந்தெடுத்தார். இந்த முறை தேறியவர்கள் எல்லோரும் வடக்கத்திக்காரர்கள்.

பிறகு 1420-களில் நிதானமாக ஒரு விதி வந்தது: தெற்குக்கு 60 விழுக்காடு, வடக்குக்கு 40. நடுப்பகுதிக்கென்று ஒரு பங்கு பின்னால் பிரிக்கப்பட்டது.

ஒரே கேள்வித்தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நியாயம் முடிந்துவிடுகிறதா, அதுவரை கிடைத்த பள்ளியையும் புத்தகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று நாம் இன்று விவாதிக்கிறோமே, அதே விவாதம் 600 ஆண்டுகளுக்கு முன்பே பெய்ஜிங்கில் நடந்தது. என் கருத்தைக் கேட்டால், 60-40 என்று எழுதி வைத்தவர்கள்தான் தேர்வு என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். இன்றும் சீனப் பல்கலைக்கழகங்கள் மாகாணவாரியாகத்தான் இடங்களைப் பிரிக்கின்றன. அதில் பெய்ஜிங், ஷாங்காய் பிள்ளைகளுக்குச் சாதகம் என்று மற்ற மாகாணப் பெற்றோர் மனக்குறைப்படுகிறார்கள்.

தோற்றவர்கள் என்ன ஆனார்கள்?

பலர் பள்ளி ஆசிரியர், மருத்துவர், கதாசிரியர், கணக்கர், வழக்கு மனு எழுதுபவர் என்று வேறு வாழ்க்கை தேடிக்கொண்டார்கள். தலை நரைக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. படித்தும் பதவி கிடைக்காத இந்தக் கூட்டத்தால்தான் சீனாவின் சின்ன ஊர்களில்கூட எழுத்தறிவு பரவியது என்பது ஒரு பக்கம்.

மறுபக்கம் ஹொங் ஷியூச்சுவான். தென்சீனத் துறைமுக நகரமான குவாங்சோ அருகே, ஹக்கா என்ற இனக்குழுவின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளூர்த் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். 1837-ல் ஒரு தோல்விக்குப் பிறகு காய்ச்சலில் விழுந்து காட்சிகள் கண்டார். பின்னாளில் ஒரு கிறிஸ்தவப் பிரசுரத்தைப் படித்து, தான் ஏசுவின் தம்பி என்று நம்பினார். அவர் தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சி 1850 முதல் 1864 வரை நீடித்தது. இரண்டு கோடிப் பேர் அல்லது அதற்கும் மேல் செத்தார்கள். தேர்வுத் தோல்வி மட்டுமே காரணம் இல்லை. பசி, இனப்பகை, வரி எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் எதிர்காலத்துக்கு ஒரே ஒரு கதவை வைத்துவிட்டு அதையும் குறுக்கினால் வெளியே நிற்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

நம் ஐஏஎஸ் தேர்வு சீனாவிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

நேராக வந்தது என்று சொல்ல முடியாது. சுற்றி வந்தது என்று சொல்லலாம்.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சேசு சபைப் பாதிரியார்கள் சீனாவிலிருந்து எழுதியவை ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்டன. வால்டேர், கெனே போன்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள், பிறப்பைப் பார்க்காமல் படிப்பைப் பார்த்துப் பதவி தரும் நாடு என்று சீனாவைப் புகழ்ந்தார்கள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் ஆட்கள் குவாங்சோவில் வணிகம் செய்தபடியே சீன நிர்வாகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அங்கே பிரிட்டிஷ் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தாமஸ் டெய்லர் மெடோஸ் 1847-ல், பிரிட்டனும் இப்படித் தேர்வு வைக்க வேண்டும் என்று எழுதினார்.

அதுவரை கம்பெனி வேலை என்பது இயக்குநர்களின் சிபாரிசு. 1853-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1854-ல் நார்த்கோட்-டிரெவெலியன் அறிக்கை, பிரிட்டனின் சொந்த அரசுப் பணிகளுக்கும் போட்டித் தேர்வைப் பரிந்துரைத்தது. 1855-ல் இந்தியப் பணிக்கான முதல் திறந்த தேர்வு லண்டனில் நடந்தது. அந்த டிரெவெலியன்தான் 1859-60-ல் மதராஸ் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெலியன். அன்றைய விவாதங்களில் சீனாவின் பெயர் ஆதரிப்போர் வாயிலும் எதிர்ப்போர் வாயிலும் அடிபட்டது.

அதே சமயம் பிரஷ்யாவிலும் அரசுத் தேர்வுகள் இருந்தன, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தேர்வு மரபும் இருந்தது. ஆகவே 'சீனாவைப் பார்த்துக் காப்பியடித்தார்கள்' என்பது மிகை. ஒரு பெரிய நாடு நூற்றாண்டுக் கணக்கில் இதைச் செய்திருக்கிறது, செய்ய முடியும் என்ற சான்றைத் தந்தது சீனா. என் மதிப்பீடு இவ்வளவுதான்.

அங்கிருந்து நமக்கு வந்த பாதை தெரிந்ததே. 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார், முதல் இந்தியர். 1922 வரை லண்டனுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். கப்பல் கட்டணமே ஒரு வடிகட்டி. விடுதலைக்குப் பிறகு ஐசிஎஸ் போய் ஐஏஎஸ் வந்தது, தேர்வு என்ற முறை நின்றது.

கொரியா, வியட்நாம், ஜப்பான்?

கொரியா 958-ல் சீன முறையில் தேர்வைத் தொடங்கி 1894 வரை நடத்தியது. இன்று அங்கே கல்லூரி நுழைவுத் தேர்வு நாளில், ஆங்கிலம் கேட்டுப் பதில் எழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் கூடாது என்று நிறுத்திவைக்கிறார்கள். வியட்நாம் 1075-ல் தொடங்கியது. சீனாவே கைவிட்ட பிறகும் 1919 வரை அங்கே நடந்தது. ஜப்பான் ஆரம்பத்தில் முயன்று பார்த்தது. அங்கே பிரபுக் குடும்பங்களின் கை ஓங்கியதால் வேர் பிடிக்கவில்லை. நவீனத் தேர்வுகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அங்கே வந்தன.

1905-ல் சீனாவே ஒழித்துவிட்டதே, அப்புறம் எப்படி நீடிக்கிறது?

1905 செப்டம்பரில் ஒரே ஆணையில் 1,300 ஆண்டு வழக்கம் நின்றது. பள்ளி வேண்டும், அறிவியல் வேண்டும், ஜப்பானிடம் தோற்றது போதும் என்ற அவசரம். அதிகாரி ஆவதற்காகவே வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு அரசோடு இருந்த பிணைப்பு அன்று அறுந்தது. ஆறே ஆண்டுகளில் புரட்சி வந்தது.

ஆனால் பழக்கம் போகவில்லை. சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென் தன் அரசியல் திட்டத்தில் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகிய மூன்றோடு தேர்வுக்கென்று ஒரு துறை, கண்காணிப்புக்கென்று ஒரு துறை என இரண்டைச் சேர்த்தார். தைவானில் அந்த ஐந்தும் இன்றும் உண்டு.

மக்கள் சீனத்தில் 1952-ல் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான 'காவ்காவ்' வந்தது. பண்பாட்டுப் புரட்சியில் 1966 முதல் நின்றுபோனது. 1977 டிசம்பரில் மீண்டும் நடத்தியபோது, வயலிலும் ஆலையிலும் வேலை செய்துகொண்டிருந்த சுமார் 57 லட்சம் பேர் எழுத வந்தார்கள். இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. பத்து ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்தைத் தொடாதவர்கள் குளிரில் கை விறைக்க உட்கார்ந்து எழுதினார்கள். அந்த ஆண்டு எழுதியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் தழுதழுக்கும் என்பதில் வியப்பில்லை. 2024-ல் விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 34 லட்சம். மாகாணத்தில் முதலிடம் பிடிப்பவரை இப்போதும் 'ஜுவாங்யுவான்' என்றே மக்கள் அழைக்கிறார்கள். அரசுப் பணிக்கான தேசியத் தேர்வுக்கும் இப்போது ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் தகுதி பெறுகிறார்கள்.

பொருளியல் ஆய்வு ஒன்றும் இருக்கிறது. மிங், சிங் காலங்களில் அதிகமான ஜின்ஷிகளைத் தந்த பகுதிகளில் இன்றைய மக்களும் சராசரியாகக் கூடுதல் ஆண்டுகள் படிக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான அந்த ஆய்வு காட்டுகிறது. நிலமும் சொத்தும் புரட்சியில் பறிபோயின, படிக்க வேண்டும் என்ற வீட்டுப் பழக்கம் போகவில்லை.

சீனா அறிவியலில் பின்தங்கியதற்கு இந்த மனப்பாடத் தேர்வுதானே காரணம்?

பாதி உண்மை. மிகக் கூர்மையான மூளைகள் எல்லாம் ஒரே சில நூல்களில் 20, 30 ஆண்டுகள் செலவழித்தால் கணக்குக்கும் இயந்திரத்துக்கும் ஆள் குறையத்தானே செய்யும்? தாங், சொங் காலங்களில் கணிதம், சட்டம் போன்றவற்றுக்குத் தனித் தேர்வுகள் இருந்தன. அவை மங்கி, ஒரே வகைத் தேர்வு மட்டும் மிஞ்சியது பெரிய இழப்பு. ஆனால் காந்த ஊசியைப் பற்றி எழுதிய ஷென் குவோவும் ஒரு ஜின்ஷிதான். தேர்வு இருந்த சொங் காலத்தில்தான் சீனத் தொழில்நுட்பம் செழித்தது. ஆகவே தேர்வைக் குற்றம் சொல்வதைவிட, பாடத்திட்டத்தைப் பல நூற்றாண்டுகள் பூட்டி வைத்ததைக் குற்றம் சொல்வேன்.

தேர்வைத் தவிர, ஆட்சி முறையில் வேறு என்ன மிஞ்சியிருக்கிறது?

'ஷியன்' என்ற மாவட்ட அலகு கி.மு. காலத்திலிருந்து இன்றுவரை அதே பெயரில் இருக்கிறது. அதிகாரியைச் சொந்த ஊரில் நியமிக்கக் கூடாது என்ற பழைய விதி, ஷியன் தலைவர்களுக்கு இன்றும் பொருந்துகிறது. குடும்பப் பதிவேடு இன்னொன்று: கி.பி. 2-ஆம் ஆண்டிலேயே ஹான் அரசு கிட்டத்தட்ட 6 கோடிப் பேரைக் கணக்கெடுத்தது. 1958-ல் சட்டமான இன்றைய 'ஹுகோ' பதிவு முறை அந்த மரபின் கடுமையான வாரிசு. கிராமத்தில் பதிவானவர் நகரத்தில் 20 ஆண்டு உழைத்தாலும், பிள்ளையை அங்கே படிக்க வைக்கவும் தேர்வெழுத வைக்கவும் திண்டாடுகிறார். எனக்கு இதில் ஒரு நல்லதும் தெரியவில்லை.

காகிதப் பணமும் சீனாவிலிருந்துதானா?

ஆமாம். சிச்சுவானில் இரும்புக் காசு புழங்கியது. சுமக்க முடியாத கனம். செங்டு வணிகர்கள் காசை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், ரசீதே கைமாறத் தொடங்கியது. 1020-களில் சொங் அரசு அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டு 'ஜியாவ்ஸி' என்ற தாளை வெளியிட்டது. அளவுக்கு மீறி அச்சடித்தால் விலைவாசி ஏறும் என்பதையும் அவர்களே முதலில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1294-ல் ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னர் தப்ரீஸில் இதே போல முயன்றார். கடைகள் மூடிக்கொண்டன, திட்டம் கைவிடப்பட்டது.

அன்றாட வாழ்க்கையில், தமிழில் ஏதாவது அடையாளம் உண்டா?

'தேயிலை' என்ற சொல்லைப் பாருங்கள். தெற்கு ஃபூஜியன் பேச்சில் அந்தப் பானத்துக்குப் பெயர் 'தே'. அதோடு நம் 'இலை' சேர்ந்தது. ஈழத்தில் 'தேத்தண்ணி' என்பதிலும் அதே 'தே'. 'சாயா' என்பது 'சா' என்ற மற்றச் சீன உச்சரிப்பின் வழி. அப்புறம் சீனச்சட்டி, சீனவெடி. கொச்சியில் சீன வலை.

தமிழர்களுக்கு அந்தப் பேரரசோடு நேரடித் தொடர்பு இருந்ததா?

உண்டு. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சொங் அரசவைக்குப் போனதைச் சீன அரசவரலாறே பதிவு செய்திருக்கிறது. சுவான்சோ துறைமுகத்தில் 1281-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. குப்ளாய் கானின் ஆணையோடு அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது, அடியில் ஒரு வரி சீன எழுத்து. இலங்கையின் காலியில் 1911-ல் கண்டெடுத்த கல்வெட்டு, கடற்தளபதி ஜெங் ஹெ கொண்டுவந்தது. 1409 என்ற தேதி போட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

தேர்வின் சுவடுகளை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

நான்ஜிங்கில் பழைய வளாகத்தின் எஞ்சிய பகுதியில் இப்போது தேர்வு அருங்காட்சியகம் இருக்கிறது. மறுபடி கட்டிய அறைகளில் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

ஓர் இடம்தான் போக முடியும் என்றால் ஹனோய்க்குப் போங்கள், அதுதான் நமக்குக் கிட்டவும். அங்கே இலக்கியக் கோயில் என்று கன்பூசியஸுக்கு ஒரு கோயில். உள்ளே 82 கற்பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிற்கிறது. 1442 தொடங்கி 1779 வரை நடந்த உயர்தேர்வுகளில் தேறியவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் பொறித்திருக்கின்றன. தேர்வுக்கு முன் அந்த ஆமைத் தலையைத் தடவினால் நல்லது நடக்கும் என்று மாணவர்களுக்கு நம்பிக்கை. தடவித் தடவிக் கல் வழவழப்பாகிவிட்டது. இப்போது கம்பி போட்டு மறித்திருக்கிறார்கள்.